நெல்லிக்காய்ச் சாறு குடித்த கோழிகள்

என் வீட்டுக்காரருக்குத் தாம்பரத்தில் கோழிக்கறிக் கடை, படப்பையில் சின்னதாய் ஒரு பண்ணை. நாத்தனார் மகனின் வலீமா, அதாவது கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வைக்கும் விருந்துக்கு நம் பண்ணைக் கோழிதான் என்று கோவிலம்பாக்கத்தில் அவள் வீடு வரை போய் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். யார் கேட்டார்கள்? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டவை கோழிகள்.

விருந்துக்கு முந்தின நாள் கத்திரி வெயில். கோழிகள் இறக்கையை அகட்டி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. அறுக்கப்போகிற கோழிக்கு மாத்திரை ஆகாது என்று, நெல்லிக்காயும் துளசியும் இடித்துச் சாறெடுத்து, வெல்லம் கரைத்துக் கொண்டுபோனேன்.

நாக்கில் வைத்துப் பார்த்தவர், இந்தப் புளிப்பைக் கோழி தொடாது என்றார். தடுப்பு மருந்து கொடுக்கும் நாளில் தண்ணீர் டிரிங்கர்களைக் கோழிக்கு எட்டாதபடி கயிறு கட்டி மேலே தூக்கிவிடுவோம். தாகத்தில் கோழி மருந்துத் தண்ணீரை மிச்சம் வைக்காது. ஆனால் அது விடியற்காலை வேலை. அதை உச்சி வெயிலில் செய்யக் கிளம்பினார்.

"இந்த வெயில்ல தண்ணிய நிறுத்துனா செத்துடும்ங்க," என்றேன்.

"நீ கம்முனு இரு. தாகம் எடுத்தா வெசத்தக் கூட குடிக்கும்."

டிரிங்கர்களை நான் இறக்கிவிடுவேன் என்று கொட்டகையைப் பூட்டிச் சாவியோடு தொழுகைக்குப் போனார். வலைக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். அந்த மனுஷன் மேல் வந்த ஆத்திரம் இன்றும் ஆறவில்லை.

அவர் திரும்பி வந்து டிரிங்கர்களில் சாற்றை ஊற்றி இறக்கியதும் கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பாய்ந்தன. அடியில் சிக்கியவை மூச்சு முட்டிச் செத்தன. தானாகச் செத்தது எங்களுக்கு ஆகாது; விருந்துக்கு வைக்க முடியாது. கத்தியோடு ஓடிவந்தார்.

"உசுரு கீறதா பாத்து எடுத்துக் குடு."

மயங்கிக் கிடந்தவற்றின் அலகைத் திறந்து சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். கழுத்து நிமிர்ந்ததை வாங்கி, பிஸ்மில்லா சொல்லி அறுத்தார். சாறு நன்றாகவே வேலை செய்தது. ஒன்று தெளிந்து என் விரலைக் கொத்தியது. அதையும் கொடுத்தேன்.

மறுநாள் பந்தியில் அவர் பேச்சு பெண்கள் பக்கம் வரை கேட்டது.

"நம்ம வூட்டுக் கோழி பாய். ஊசி, மாத்திரை எதுவும் கெடயாது. நெல்லிக்கா சாறு குடிச்சு வளந்தது."

நாத்தனார் பூரித்துப்போய் என் தட்டில் ஒரு கோழிக்காலை வைத்தாள். பசி. தின்றேன். கறி மெத்தென்று இருந்தது.