கட்டிலோரத்து நாற்காலி

மகனின் அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு நாளாகியும் பயத்தில் அவன் கட்டிலோரத்தை விட்டு நான் நகரவில்லை. இன்று வார்டில் அடித்த லைசோல் மருந்து வாசனை, இலங்கையின் மாத்தளையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய வயோதிபர் மடத்துக்கு என்னை இழுத்துப்போனது. இப்போது அது இல்லை; எழுபதுகளில் அம்மா அங்கே துணி துவைக்கப் போகும்போது சின்னப்பிள்ளையான என்னையும் கூட்டிப்போவார். அங்கே சாகக் கிடப்பவரின் கட்டிலோரத்து நாற்காலி காலியாக இருக்கக்கூடாது. சிஸ்டர்கள் முறைவைத்து உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார்கள்.

பிள்ளைகள் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட, தனியாகச் சாகப் பயந்துகிடந்தார் தேயிலைத் தோட்டத்துக் கருப்பையாத் தாத்தா.

"நான் போறப்ப பக்கத்துல ஆளிருக்கணும் சிஸ்டர். ஆனா நீங்க ஜெபம் சொன்னா தூக்கமா வருதுங்க."

"தூங்குங்க தாத்தா, அதுக்குத்தான் சொல்றேன். நான் எங்கயும் போகல."

அன்று சாப்பாட்டு மணி அடித்தும், முறைக்கு உட்கார்ந்திருந்த அந்தச் சிஸ்டர் எழுந்திருக்கவில்லை. தாத்தாவின் மூச்சு அடங்கிய பிறகும் அவர் கையை விடாமல் மிச்ச ஜெபத்தையும் சொல்லி முடித்தார். வாசலில் நின்று பார்த்த எனக்குப் பயமே வரவில்லை. அதற்காக அந்தச் சிஸ்டருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.