கண்ணாடியில் வழிந்த நல்ல தண்ணீர்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னை இந்த நினைவு மலருக்கு எழுதச் சொல்லிவிட்டார்கள். எதை விட்டுவிடுவேனோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன்.

ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த அண்ணன், கண்டியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பழகினார். இனக்கலவரத்தில் கடை எரிந்தது. கண்ணாடி வெட்டும் கட்டரை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எங்களை வடக்கே பூநகரிப் பக்கம் கூட்டிப்போய்க் குடியேற்றினார். எனக்குக் கல்யாணமாகி மகள் பிறந்ததும் அங்கேதான். அதற்குள் போரும் வந்துவிட்டது.

மகள் கைப்பிள்ளையாக இருந்த அந்தக் கோடையில் கிணறு வற்றியது. மலையிலிருந்து பீலியில் வந்து விழும் ஊற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆழப்படுத்தினால் நல்ல தண்ணீர் வரும் என்று நினைத்தோம். அண்ணன் தோண்டினார். பக்கத்துக் காணி ஐயா ஓடிவந்தார்.

"தோண்டாதேங்கோ தம்பி, கீழ போகப் போக உப்புத்தான் ஏறும்."

அதற்குள் உப்பு ஏறிவிட்டது. எனக்கோ பால் வற்றிப்போயிருந்தது. அந்தத் தண்ணீரில் கரைத்த பால்மாவைப் பிள்ளை கக்கிக்கொண்டே இருந்தாள். பிழைப்பாளா என்று அழுதேன்.

ஷெல் விழுந்த வீடொன்றைக் காலிசெய்துகொண்டிருந்தவர்களிடம், உடையாத யன்னல் கண்ணாடிகளை அண்ணன் கேட்டார். "கழட்டிக்கொண்டு போங்கோ. இனி எங்களுக்கு யன்னல் எதுக்கு?" என்றார்கள்.

சீமெந்துத் தொட்டி கட்டி, உள்ளே கறுப்புப் பூசி, உப்புத் தண்ணீரை ஊற்றி, கண்ணாடியால் சரிவாக மூடி, சரிவின் கீழ்முனையில் ஒரு போத்தலை வைத்தார்.

"வெயில்ல மின்னுதேண்ணே, பொம்பர்காரன் பாத்துட்டா?"

"தாகமா இருந்தா அவனும் இறங்கி வரட்டும் தங்கச்சி."

ஆனால் விமானச் சத்தம் கேட்டால் ஓலையைத் தூக்கிக்கொண்டு மூட ஓடியதும் அவர்தான்.

மத்தியானம் கண்ணாடியின் உட்புறம் வியர்த்தது. துளிகள் சேர்ந்து வழிந்து போத்தலில் சொட்டின. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பே இல்லை. அதே கிணற்றுத் தண்ணீர்தான் என்று இன்றும் நம்ப முடியவில்லை. அதில் கரைத்துக் கொடுத்ததைப் பிள்ளை கக்கவில்லை.

அக்கம்பக்கத்தாருக்கும் அண்ணன் கட்டிக்கொடுத்தார். வெயில் ஏறினால் பல முற்றங்கள் மின்னும். என் பயமும் அதற்கேற்பக் கூடும்.

போர் முடிந்து, மறுபடி கண்டிப் பக்கம், கடுகண்ணாவைக்கு வந்தோம். மழை பெய்தால் அண்ணன் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, யன்னலில் நீர் வழிவதையே பார்த்திருப்பார். கடைசி நாட்களில் அவருக்குக் கரண்டியால் தண்ணீர் பருக்கியது என் மகள்.

நோயிலும் இறுதிக் கிரியையிலும் துணைநின்ற உறவினர், அயலவர் அனைவருக்கும் நன்றி. யன்னல் தந்தவர்களிடம் பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டோம். எங்கே இருக்கிறார்களோ, இருக்கிறார்களோ இல்லையோ. இந்த மலர் அவர்கள் கைக்குக் கிடைத்தால் ஒன்று சொல்ல வேண்டும்: உங்கள் யன்னல் கண்ணாடியில் வழிந்த தண்ணீரைக் குடித்தவள் இப்போது ஒரு பிள்ளைக்குத் தாய்.