அலசாத முந்தானை

மகனுக்குத் தூளி கட்ட அம்மாவின் பழைய சேலை ஒன்று வேண்டும் என்று ரங்கூனிலிருந்து நாகப்பட்டினத்துக்கு எழுதியவள் நான்தான். துவைக்காமல் அனுப்பும்படியும் எழுதியிருந்தேன். பள்ளியில் சுகாதாரம் படித்தவள் அப்படிக் கேட்கலாமா என்று பிறகு வெட்கமாக இருந்தது. பிரசவத்துக்கு வர முடியாத அம்மாவின் வாசனையாவது குழந்தையின் அருகே இருக்கட்டுமே என்ற ஆசை.

சேலை ஊர்ப் பாய்க்கப்பலில் வந்தது. வழியில் புயல். பாதிச் சரக்கைக் கடலில் தள்ளித்தான் கப்பலை மீட்டிருந்தார்கள். ரங்கூனின் போட்டாதாங் துறையில், கப்பலை ஓட்டிவந்த தண்டையல் நனைந்த பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

"மஞ்ச மூட்டை ஒடைஞ்சிருச்சு, தங்கச்சி. ஒங்கம்மா சேலை நல்லா மஞ்சத் தேச்சுக் குளிச்சிருக்கு. இன்னைக்கே நல்ல தண்ணியில அலசிரு. உப்பு நின்னா காயவே காயாது."

வீட்டில் அதை முகத்தில் வைத்துப் பார்த்தேன். மஞ்சளும் கப்பல் தாரும் மணத்தன. அவற்றினடியில் அம்மாவின் வாசனை இருந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. அலசினால் அதுவும் போய்விடும். அலசாவிட்டால் உப்பு பிள்ளையின் தோலை அரிக்கும்.

"இன்னுமா யோசிக்கிறே? அவன் தூங்க வேணாமா?" என்றார் கணவர்.

முந்தானையை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்றதை அலசினேன். தூளி கட்டியபோது முந்தானையை மேலே, பிள்ளைக்கு எட்டாத முடிச்சில் வைத்தேன். மழை நாள்களில் தூளி காய்ந்திருக்கும்போதும் அந்த முடிச்சு ஈரமாக இருக்கும். மகன் தூங்கியதும் அதில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன். அதையும் அலசியிருக்கலாமோ, உப்பில் நைந்து முடிச்சு அறுந்துவிடுமோ என்று அப்போதும் தோன்றும்.