அத்தை கேட்ட பச்சை

ஓசூர் சிப்காட்டில் அந்தக் கம்பெனியில் கமலக்கண்ணனின் கண்ணுக்குப் பயப்படாத ஆள் கிடையாது. பைக்குக்குப் பெட்ரோல் டேங்க் செய்யும் கம்பெனி அது. பெயிண்ட் அடித்து வரும் டேங்குகளைப் பார்த்துத் தேறியதா இல்லையா என்று சொல்வது அவன் வேலை. கடுகளவு புள்ளி இருந்தாலும், நிறம் ஒரு இழை மாறியிருந்தாலும், சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரம் தள்ளிவிடுவான். "வந்துட்டாருய்யா ரிஜெக்ட்டு" என்று லைனில் முணுமுணுப்பார்கள். அது அவன் காதில் விழும். விழ வேண்டும் என்பதுதான் அவன் ஆசையும். பெற்றவர்கள் தன் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பெயரை வைத்தார்கள் என்று நம்புகிற ஆள் அவன்.

சொந்த ஊர் மானாமதுரை. பாலிடெக்னிக் முடித்த கையோடு பஸ் ஏறியவன், பதினான்கு வருடமாக இங்கேதான் இருக்கிறான். ஓசூர் டீக்கடையில் நாலு பேர் நின்றால் மூன்று மொழி கேட்கும். ஒரே ஆள் கன்னடத்தில் ஆரம்பித்து, தெலுங்கில் திட்டி, தமிழில் டீக்குச் சொல்லுவான். கமலக்கண்ணனுக்குத் தமிழ் மட்டும்தான் வரும், அதுவும் 'வந்தாக, போனாக' தமிழ். ஆனால் அதை ஒப்புக்கொண்டால் கௌரவம் என்ன ஆவது? தெலுங்குக்கென்று அவனிடம் ஒரே ஒரு சொல் இருந்தது. 'அவுனு'. ஆமாம் என்று பொருள். எதிராளி எவ்வளவு நீளமாகப் பேசினாலும் பொறுமையாகக் கேட்பான், புன்னகைப்பான், மூச்சு விடுகிற இடம் பார்த்து "அவுனு" என்று சொல்லிவிடுவான். மனிதர்கள் பேசுவதில் முக்கால்வாசி ஆமாம் போடுவதற்காகத்தான் என்பதால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஒரே லைனில் வேலை பார்த்த சரிதாவை அவன் காதலித்ததும் தமிழில்தான். அவள் பாகலூர்க்காரி, வீட்டில் தெலுங்கு. அவளை மயக்குவதற்காகத் தனக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு என்று ஒரு போடு போட்டான். அவளும் அம்மாவிடம் போய், "அவருக்கு நம்ம பாஷை நல்லா வரும்மா" என்று பெருமையடித்தாள். கல்யாணம் நடந்தது. அவள் அம்மா மங்கம்மா மணவறையில் அட்சதை போட்டாள், வாய் நிறைய வாழ்த்தினாள். அதற்குப் பிறகு ஆறு வருடம், மகள் வீட்டு வாசற்படியை மட்டும் மிதிக்கவேயில்லை.

சரிதா பாகலூருக்குப் போனால் மங்கம்மா விழுந்து விழுந்து கவனிப்பாள். பேத்தியைத் தோளைவிட்டு இறக்க மாட்டாள். ரோஜாத் தோட்டத்துப் பூவைக் கூடை நிறையக் கொடுத்தனுப்புவாள். ஓசூர் வீட்டுக்கு வாம்மா என்றால் மட்டும் முகம் மாறிவிடும். ஏன் என்று கேட்டால், "நீ மொகுண்ணே அடுகு" என்பாள், உன் புருஷனையே கேள் என்று. சரிதா வந்து புருஷனைக் கேட்பாள். "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுடி" என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்வான். மாதம் ஒருமுறை சாம்பாரோடு சேர்த்து இந்தக் கேள்வியும் பரிமாறப்படும். அவன் எதையோ மறைக்கிறான் என்ற சந்தேகம் அவளுக்குப் போகவே இல்லை.

இந்த நிலையில் மங்கம்மாவின் முட்டி மக்கர் செய்தது. ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். ஆறு வாரத்துக்குப் படியேறக் கூடாது, வெளியே கக்கூசுக்கு நடக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாகலூர் வீட்டில் இரண்டும் இல்லாமல் முடியாது. சரிதா அழுது, மிரட்டி, மறுபடி அழுது, கடைசியில் அம்மாவிடமிருந்து 'பார்க்கலாம்' என்ற ஒரு வார்த்தையைப் பிடுங்கினாள். தன் மகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு அவளும் ஆஸ்பத்திரியிலேயே தங்கினாள்.

"இதோ பாருங்க," என்று கமலக்கண்ணனிடம் விரல் நீட்டிச் சொன்னாள். "இந்த ஒரு தபா அம்மா மனசு கோணாம வந்து தங்கிட்டுப் போச்சுன்னா, அப்புறம் வந்துகினே இருக்கும். இதுலயும் எதுனா ஆச்சு, அவ்ளோதான். இந்த ஜென்மத்துல வராது."

ஆபரேஷன் முடிந்த மறுநாள் சரிதாவின் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் மங்கம்மா! சரிதா மருந்து வாங்கப் போயிருந்தாள் போலிருக்கிறது. கமலக்கண்ணன் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றுகொண்டான். அத்தை இரண்டு நிமிடம் தெலுங்கில் பேசினாள். அவன் எட்டு தடவை "அவுனு" சொன்னான். கடைசியில் வந்த வாக்கியம் மட்டும் மண்டையில் நின்றது. "கோடக்கி பச்ச ரங்கு வேயிஞ்சண்டி."

ரங்கு என்றால் நிறம். கூட வேலை செய்யும் பீகார்ப் பையன்கள் சொல்லிக் கேட்டிருக்கிறான். கோட என்றால் சுவராகத்தான் இருக்க வேண்டும், அத்தை தங்கப்போகிற அறையின் சுவர். பச்சை என்றால் பச்சை, இதற்கு அகராதியா வேண்டும்? ஒரு முழு வாக்கியம் புரிந்துவிட்ட சந்தோஷம் அவனுக்குத் தலைக்கேறியது. அதைவிடப் பெரிய சந்தோஷம், ஆறு வருடத்தில் அத்தை அவனிடம் வாய் திறந்து கேட்ட முதல் காரியம் இது. சரிதாவிடம் மூச்சுவிடவில்லை. அவளும் வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று விட்டுவிட்டான்.

பெயிண்ட் கடையில் ஷேடு கார்டை வாங்கிப் பார்த்தால் பச்சையிலேயே நாற்பது இருந்தது. வேறு யாராவது என்றால் கடையிலேயே ஒன்றைக் காட்டிவிட்டு வந்திருப்பார்கள். கமலக்கண்ணன் கார்டைக் கம்பெனிக்கு எடுத்துப் போனான். டேங்குகளைச் சோதிக்கிற வெள்ளை விளக்கு வரிசைக்கடியில் வைத்து, சாய்த்துப் பார்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். அங்கே அது வாழைக்குருத்து மாதிரி குளுகுளுவென்று இருந்தது. கட்டைவிரல் நகம் அகலத்துக்கு இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெயிண்டர் ஆஞ்சப்பன் முப்பது வருடம் சுவரோடு வாழ்ந்தவர். டப்பாவைத் திறந்து பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"சார், சின்ன ரூமு. ஒரே ஜன்னலு. இது நாலு சுவத்துலயும் ஏறுச்சுன்னா கண்ணக் குத்தும். லைட்டா மஞ்சா அடிச்சிக்கலாம், பளிச்சினு இருக்கும்."

"அண்ணே, நான் பெயிண்ட் இன்ஸ்பெக்டரு. எனக்கே கலர் சொல்லித் தாரீகளா?"

"சொல்லல சார்," என்று ஆஞ்சப்பன் ரோலரை முக்கினார். "நீங்கதான படுக்கப் போறீங்க."

"நான் இல்லண்ணே, எங்க அத்தை."

"அப்ப சரி," என்றார் ஆஞ்சப்பன், எல்லாம் விளங்கிவிட்டது போல.

முதல் கோட்டிங்கிலேயே அவன் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தான். காய்ந்தால் அடங்கிவிடும் என்று தேற்றிக்கொண்டான். இரண்டாவது கோட்டிங் காய்ந்த பிறகு அடங்கவில்லை, ஏறியது. நாலு சுவரும் ஒன்றன்மேல் ஒன்று பச்சையை அடித்து விளையாடின. எல்.இ.டி. விளக்கைப் போட்டால் இன்னும் மோசம். அலமாரிக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தான், பாகற்காய் மாதிரி இருந்தது. வெள்ளைப் போர்வை விரித்தான், அதுவும் பச்சையானது. கம்பெனியாக இருந்தால் நாலு சுவருக்கும் நாலு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அந்த அறையையே ஓரம் தள்ளியிருப்பான். இந்த நிறத்தை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று உறுத்திக்கொண்டே இருந்தது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

"இப்பகூட ஒண்ணும் கெட்டுப்போல சார்," என்றார் ஆஞ்சப்பன் ரோலரைக் கழுவிக்கொண்டே. "ரெண்டு நாளு குடுங்க, மாத்திடலாம்."

"நாளைக்குக் காலைல வாராக அண்ணே. அதோட அவுகளே கேட்டது இது."

தான் தேர்ந்தெடுத்த நிறம் கேவலம் என்பது அவனுக்கே தெரிந்தது. அந்த வருத்தத்தில் சாப்பாடுகூட இறங்கவில்லை. ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. பச்சை கேட்டாள், பச்சை அடித்தாயிற்று, அத்தை பேச்சை மருமகன் தட்டவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு ஆட்டோ வந்தது. மங்கம்மா வாக்கரை ஊன்றி இறங்கினாள். வலது காலா, இடது காலா என்று பார்க்க வழியில்லை, எது வலிக்கவில்லையோ அதை முதலில் எடுத்து வைத்து வாசலைத் தாண்டினாள். சரிதாவின் கண் கலங்கிவிட்டது. கமலக்கண்ணன் ஓடிப்போய் அறைக்கதவைத் திறந்து, கல்யாண வீட்டில் வரவேற்பதைப் போலக் கையை நீட்டினான்.

மங்கம்மா உள்ளே பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"மள்ளி ஆபரேஷனா?" என்றாள்.

மறுபடியும் ஆபரேஷனா என்று கேட்கிறாள். அப்போதுதான் கமலக்கண்ணனுக்குப் பிடிபட்டது. ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்கள் மாட்டிக்கொண்டு வருகிற துணியின் நிறம் அது. அச்சு அசல், ஒரு இழைகூட மாறவில்லை. இதுவரை ஒரு டேங்குக்குக்கூட அவன் இவ்வளவு சரியாக நிறம் பொருத்தியதில்லை.

மங்கம்மாவின் முகம் இறுகியது. மகளிடம் தெலுங்கில் படபடவென்று ஏதோ சொல்லிவிட்டு வாசலை நோக்கி வாக்கரைத் திருப்பினாள்.

"ஏங்க!" சரிதாவின் குரல் உடைந்தது. "அம்மா ஆட்டோவ நிக்கச் சொல்லுது. நான் ஒண்ணு கேட்டா அவரு வேணும்னே வேற ஒண்ணு அடிச்சி வெச்சிருக்காரு, வராதன்னு இதவிட எப்பிடி சொல்லுவாருன்னு கேக்குது. யாரு இந்தக் கலர அடிக்கச் சொன்னது?"

"அத்தைதான் சொன்னாக! பச்சைன்னு தெளிவா சொன்னாக!"

"அய்யோ! எங்க வூட்ல பச்சன்னா மஞ்சள்ங்க! இலை கலருக்கு ஆகுபச்சன்னு சொல்லுவோம். ஒங்களுக்குத்தான் தெலுங்கு தெரியுமே?"

"தெரியும். அது வந்து… எங்க ஊருப் பக்கத்துத் தெலுங்குல பச்சைன்னா பச்சைதான்."

மானாமதுரைத் தெலுங்கைப் பற்றிச் சொன்னபோது அவனுக்கே நம்பிக்கையில்லை. மங்கம்மா வாக்கரை நிறுத்தி அவனைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு முகத்தைத் தளர்த்தி, தேன் ஒழுகக் கேட்டாள். "நுவ்வு துன்னபோத்துவா?"

அத்தை சமாதானமாகிவிட்டாள் என்று கமலக்கண்ணனுக்கு உயிர் வந்தது. வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினான். "அவுனு அத்த, அவுனு!"

சரிதா வாயைப் பொத்திக்கொண்டாள். துன்னபோத்து என்றால் எருமைக்கடா.

மங்கம்மா மெல்ல நடந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஏம்பா," என்றாள் தமிழில். முப்பது வருடம் ஓசூர் மார்க்கெட்டில் ரோஜா விற்றவளுக்குத் தமிழ் தெரியாமல் போகுமா? மருமகனுக்குத் தெலுங்கு வரும் என்று மகள் சொன்னதால் அவனிடம் தமிழைச் செலவழிக்கவில்லை, அவ்வளவுதான். "பொண்ணு கேட்டு எங்க வூட்டுக்கு வந்தியே. காப்பி குடுத்துட்டு ஒன்னாண்ட ஒண்ணு கேட்டேன். என்னா கேட்டேன்னு தெரியுமா?"

பழக்கதோஷத்தில் அவன் வாய் 'அ' என்று திறந்தது. மூடிக்கொண்டான்.

"தெரியாது அத்த," என்றான். "ஒரு எழுத்துகூடப் புரியல. சக்கரை போதுமான்னு கேக்குறீகன்னு நெனச்சேன்."

"நாங்க மண்ணுல கெடக்கற ஜனம், நீ படிச்ச கம்பெனிக்காரன். நாங்க ஒன் வூட்டுக்கு வந்துபோனா ஒனக்குக் கேவலமா இருக்குமான்னு கேட்டேன். ஆமான்ன. அப்ப நான் வராம இருந்துக்கட்டுமான்னேன். சிரிச்சினே ஆமான்ன." மங்கம்மா வலித்த காலை நீட்டிக்கொண்டாள். "மூஞ்சிக்கு நேரா சொன்னவன் வூட்ல எப்பிடி காலு வெப்பேன்? இப்பவும் மனசு கேக்காம, போன்ல ஒரு கலரு கேட்டுப் பாக்கலாம், செஞ்சான்னா போலாம்னுதான் கேட்டேன்."

கமலக்கண்ணனுக்குக் காது சூடாகிவிட்டது. அவமானம் என்று சாதாரணமாகச் சொல்வோமே, அதற்கு இவ்வளவு சூடு உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரிதா வெடித்தாள். "ஆறு வருசம்! தெரியலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீங்க தேஞ்சா போயிருப்பீங்க? நீயாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா! பிரசவம் முடிஞ்சி பச்சப்புள்ளையத் தூக்கினு வந்தேனே, கொண்டாந்து விட்டுட்டு வூட்டு வாசலோட திரும்பிப் போனியே. அன்னிக்கி நான் அழுதது ரெண்டு பேருக்கும் தெரியுமா?" அழுதாள். அழுகைக்கு நடுவில் எருமைக்கடா ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டோமே என்று இன்னும் ஆத்திரம் வந்தது. "ரெண்டு பேரும் என் கண்ணுல படாதீங்க" என்று சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பச்சை அறையில் அவர்கள் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

"தப்புதான் அத்த," என்றான். "எல்லாம் என் வீராப்பு."

"நான் மட்டும் என்னா? நானும் எருமதான்."

"ஆஞ்சப்பன் அண்ணனக் கூப்பிட்டு நாளைக்கே மஞ்சள் அடிச்சிருதேன்."

"கலரு கெடக்குது. மொதல்ல பாத்ரூமு போவணும். அவளக் கூப்புடு."

அவன் போய்ச் சமையலறைக் கதவைத் தட்டினான். "நீங்களே பாத்துக்குங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. திரும்பி வந்து நின்றான். அதை மங்கம்மாவும் கேட்டிருந்தாள். குளியலறை வாசல் குறுகல், வாக்கர் நுழையாது. அவள் வாசலைப் பார்த்தாள், வாக்கரைப் பார்த்தாள், கடைசியில் மருமகனைப் பார்த்தாள்.

"தோளக் குடு," என்றாள்.

அவன் குனிந்தான். மங்கம்மா ஒரு கையால் அவன் கழுத்தை வளைத்துப் பிடித்து, மொத்த பாரத்தையும் அவன்மேல் போட்டு எழுந்தாள். நல்ல கனம்.

"வலிக்குதா அத்த?"

"வலிக்குது. மெதுவா நட."

அவன் மெதுவாக நடந்தான்.