பெரியப்பா கொடுக்காத கடிதம்

மக்களே, உங்கள் பெரியப்பாவை, என் அண்ணனைப் பற்றி எழுத, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட என்னைவிடத் தகுந்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு காரியத்தை நான்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். அதனால் இந்த நினைவு நாளில் வாசிக்க எழுதுகிறேன்.

பெரியப்பா இரணியலில் பிறந்தார்கள். நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே எங்கள் அப்பா தவறிவிட்டார்கள். பெரியப்பா தக்கலையில் டைப்பிங் படித்து, வளைகுடாவுக்குப் போய், ஒரு மொழிபெயர்ப்பு ஆபீசில் சேர்ந்தார்கள். அரபியை அங்கே தட்டித் தட்டியே படித்தார்கள். பிறகு அரபி ஒப்பந்தங்களை ஆங்கிலத்தில் எழுதுகிற வேலையே அவர்கள் கைக்கு வந்தது. கல்யாணம் மட்டும் தள்ளித் தள்ளி, நடக்காமலே போயிற்று.

அவர்களிடம் ஒரு நோட்டு உண்டு. வலப்பக்கம் அரபிச் சொல், நடுவில் ஆங்கிலம், இடப்பக்கம் தனக்கு மட்டும் நம் ஊர்ப் பேச்சு. புது ஆளைச் சோதித்துப் பார்க்கும் மாதங்களுக்கு, 'பெண்ணு பாத்துட்டுப் போன காலம்' என்று எழுதியிருப்பார்கள். யார் கையிலும் இல்லாத பேரிடரால் ஒப்பந்தம் நின்றுபோவதற்கு, 'கடல் பொங்கினா ஆரைக் குத்தம் சொல்ல?'

வேலையாளை எந்த ஊருக்கும் மாற்றலாம் என்ற வரியை ஆங்கிலத்தில் விட்டுவிடும்படி, நம் ஊர்ப் பக்கத்து மேலாளர் ஒருவர் கேட்டாராம்.

"அண்ணாச்சி, அத வாசிச்சா ஒருத்தனும் ஒப்பு போடமாட்டான்."

"அப்பம் அரபியில உள்ளத அழிச்சிட்டு வாரும். அதுல இருந்தா இதுலயும் இருக்கும்."

இனி நான் சொல்ல வேண்டியது. பெரியப்பாவின் சொந்த ஒப்பந்தம் வருடா வருடம் தானாகவே நீளும். வேண்டாம் என்றால் ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுக்க வேண்டும். ஊருக்கு வந்துவிட அவர்களுக்கு அவ்வளவு ஆசை. ஒவ்வொரு வருடமும் அந்த நாள் நெருங்கும்போது போன் வரும்.

"ஏலே, இந்த மட்டம் கடிதம் குடுத்திரட்டா? குளச்சல்ல ஒரு ரூம் பிடிச்சு இந்த வேலைய அங்கயே பாக்கலாம்லா."

"ஒரு வருசம் கூட நில்லுங்கண்ணே. மூத்தவ நர்சு படிப்பு முடியட்டு."

"செரி மக்கா. நான் வாயத் தொறக்கலன்னா அது தானாட்டு நீளும்."

சிரிப்பார்கள். மூன்று வருடம் நான் இதையே சொன்னேன். ஒப்பந்தத்தில் ஒரு வரி விடாத மனிதர், எங்களிடம் ஒரு வரியை விட்டுவிட்டார்கள். நெஞ்சுவலி வந்துகொண்டிருந்ததைச் சொல்லவே இல்லை. கடைசியில் கடிதம் கொடுக்காமலே, சக்கர நாற்காலியில் வந்து இறங்கினார்கள். நம்மோடு இருந்தது நாற்பது நாள்கூட இல்லை.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கேட்டேன்: "எம்மேல வெறுப்பு உண்டுமாண்ணே?"

"போலே. கடிதம் குடுக்க வேண்டியது நானாக்கும். நீ போய் ஒரு சாய குடிச்சிட்டு வா."

மூத்தவளே, இதைப் பாரமாக எடுத்துக்கொள்ளாதே. நீ படித்ததில் பெரியப்பாவுக்குப் பெருமைதான். கேட்டவன் நான், பாரமும் எனக்குத்தான்.

விமானத்தில் துணைக்கு வந்த அறைத் தோழருக்கும், கேட்ட நேரமெல்லாம் காரெடுத்த பக்கத்து வீட்டாருக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், இந்த முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அவர்கள் போய் நான்காம் மாதம், ஒரு மதியம் நான் என் கடையில் தனியாக இருந்தேன். வளைகுடாவிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள் என்று மேசைக்குள் வைத்திருந்த அவர்கள் போன் அடித்தது. கூப்பிட்டது யாரும் இல்லை. திரையில், 'இன்று கடிதம் கொடுக்கணும்' என்று வந்தது. வருடந்தோறும் அடிக்கும்படி அவர்களே போட்டுவைத்த நினைவூட்டல். அழித்துவிடத்தான் கையில் எடுத்தேன். அழிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்திவிட்டு, போனைச் சார்ஜில் போட்டேன்.