டோக்கி டோக்கி

எழுபதுகளில் நான் மெல்பேர்னில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். பக்கத்து மெஷினில் ஒரு ஜப்பானியப் பெண் இருந்தார். யுத்தம் முடிந்தபின் ஆஸ்திரேலியச் சிப்பாய் ஒருவரை மணந்து வந்தவர். சின்ன உருவம், தலையில் எப்போதும் நீலத் துணி. மேற்பார்வையாளர் வந்தால் நெஞ்சில் கைவைத்து, "டோக்கி டோக்கி" என்று என்னிடம் கிசுகிசுப்பார்.

"எங்கட பாஷையில அது படபட," என்றேன் ஒருநாள். சொல்லிப் பார்த்துச் சிரித்தார்.

"வீட்டிலயும் ஜப்பான் பாஷைதான் கதைப்பீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை. ஜப்பான் பாஷை கதைச்சால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில நக்கலடிப்பினம் எண்டு மனுசன் சொன்னார். விட்டிட்டன்."

ஒரு மதிய இடைவேளையில் அவருடைய மகள் வந்து, தான் கர்ப்பமாயிருப்பதாகச் சொன்னாள். சந்தோஷத்தில் அவர் நெஞ்சில் கைவைக்க, வாயிலிருந்து "டோக்கி டோக்கி" வந்துவிட்டது.

அந்தச் சொல் விளங்காமல் மகள் பதறிப்போனாள். "நெஞ்சு நோகுதோ அம்மா? டொக்டரைக் கூப்பிடட்டோ?"

"ஒண்டுமில்லை. எனக்கு நல்ல சந்தோசம்," என்றார் ஆங்கிலத்தில், அந்நியரிடம் பேசுவதுபோல.

மகள் போனபின், "என்ர பாஷையைச் சின்னனிலயே சொல்லிக் குடுத்திருக்க வேணும்," என்றார்.

குழந்தை பிறக்குமுன் நான் வேலை மாறிவிட்டேன். பேரப்பிள்ளையிடமாவது அவர் தன் மொழியில் பேசினாரா என்பது தெரியாமலே போயிற்று.