சத்தம் நின்றதே என்று மகிழ்ந்தேன்

எனக்கு வயது எழுபத்து மூன்று. எங்கள் சிதம்பரம் வீட்டு மாடியில் பெய்த மழையைப் பதினொரு வருடங்களாக அளந்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் மட்டுமே பதிந்து வைத்திருந்தேன். அதன் மின்விசிறி மிக்ஸி போல இரைந்ததால், கடலூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் என் மனைவியின் தம்பியிடம் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுவந்தான். "இனிமே உங்க மூச்சு சத்தம்தான் மாமா ஜாஸ்தியா கேக்கும்" என்றான். உண்மையிலேயே சத்தமில்லை. சொந்தக்காரன் எதிரில் பெட்டியைத் திறந்து பார்ப்பது மரியாதையில்லை என்று அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் போட்ட பத்தொன்பதாவது நிமிடம் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. மறுபடி போட்டால் ஒன்பதே நிமிடம். பெட்டி தோசைக்கல்லாகச் சுட்டது. பதறிப்போய்த் திறந்தால், தூசி அப்படியே அடைத்திருந்தது. இரண்டு விசிறிகளில் இரைந்த விசிறியின் ஒயரைப் பிடுங்கி, டேப் சுற்றி விட்டிருந்தான்.

போனில் கேட்டேன். "சத்தம் வேணாம்னுதான சொன்னீங்க? சூட்டப் பத்தி சொல்லவே இல்லியே மாமா!" என்று சிரித்தான். முப்பது வருடப் பழக்கம். போனை வைத்துவிட்டேன்.

நல்லவேளை, மழைக் கணக்கு அழியவில்லை. வேறு கடையில் புது விசிறி மாற்றினேன். இப்போது இரண்டு பென் டிரைவில் நகல் வைத்திருக்கிறேன். மாதமொரு முறை நானே தூசி தட்டுகிறேன். யார் பழுது பார்த்தாலும், மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்ப மூடி அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கிறேன்.

பொங்கலுக்கு வந்தவன் இதைக் கேள்விப்பட்டு, "என் மேல நம்பிக்கை இல்லியா மாமா?" என்றான்.

"இல்லடா" என்றேன்.